டாக்டரைக் கேட்கலாம்: ‘34’ என்று எழுதியிருந்தால் பிழைக்க மாட்டாரா?

மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். மற்ற மாதங்களில் சர்க்கரை, மூட்டுவலி, வாய்வு. ஜூன் தொடங்கியதும் மெட்டு ரோடு (மலைச்சாலை), ஜீப், லாரி, ‘ஐசியுவில் இருக்கிறார், என்ன ஆகும்?’. இந்த முறை அதே கேள்வி ஆளுக்கொரு கோணத்தில் ஆறேழு பேரிடமிருந்து வந்திருப்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கொலஸ்ட்ரால்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

டாக்டர், என் அக்கா வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். மூன்று மாதம் முன்பு கம்பம் மெட்டு இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து விலா எலும்புகள், தொடை எலும்பு உடைந்து தலையிலும் அடி. கேஸ் ஷீட்டில் ‘ஐ.எஸ்.எஸ். 34’ என்று எழுதியிருந்தது. கோட்டயத்தில் நர்சிங் படிக்கும் எங்கள் உறவுக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, ‘25-க்கு மேல போனாலே கஷ்டம்’ என்று சொல்ல, வீடே அழுது ஓய்ந்துவிட்டது. இப்போது அவர் கம்பு ஊன்றி டீக்கடை வரை போய் வருகிறார். அப்படியென்றால் அந்த நம்பர் பொய்தானே? – வாசகி, கூடலூர்

பொய் இல்லை, தங்கச்சி. அது உங்கள் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிய நம்பரே இல்லை, அவ்வளவுதான்.

1974-ல் அமெரிக்காவில் சூசன் பேக்கர் என்ற பெண்மணியும் அவருடன் இருந்தவர்களும், விபத்தில் எவ்வளவு மோசமாக அடிபட்டிருக்கிறது என்று அளக்கப் போட்டுக் கொடுத்த கணக்குதான் இந்த ஐ.எஸ்.எஸ். உடம்பை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பட்ட மோசமான காயத்துக்கு 1 முதல் 6 வரை மார்க். அதில் அதிகமாக இருக்கும் மூன்று பகுதிகளின் மார்க்கை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும். உங்கள் ஆளுக்கு நெஞ்சுக்கு 4, தொடைக்கு 3, தலைக்கு 3 என்று போட்டிருப்பார்கள்: 16, 9, 9, ஆக 34. உச்சம் 75. 15-ஐத் தாண்டினாலே பெரிய விபத்துக் காயம் என்று உலகம் முழுக்க எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் உங்கள் உறவுக்காரப் பெண் பயந்ததில் தப்பு இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு எதையெல்லாம் பார்க்கவில்லை என்று பாருங்கள். வயதைப் பார்க்கவில்லை. நாடி, பிரஷர், சுயநினைவு எதையும் பார்க்கவில்லை. ஒரு தொடை எலும்பு உடைந்தாலும் 9, ரெண்டு தொடையும் உடைந்தாலும் அதே 9, ஏனென்றால் ஒரு பகுதிக்கு ஒரு மார்க்தான். ரெண்டு தொடையிலும் உள்ளே எவ்வளவு ரத்தம் தேங்கும் என்பது கேஷுவாலிட்டியில் நின்ற எந்த ஆளுக்கும் தெரியும். இந்தக் குறையைச் சரிசெய்ய 1997-ல் புதுக் கணக்கு ஒன்று வந்தது, அதில் எந்தப் பகுதியானாலும் மோசமான மூன்று காயத்தை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எந்த எலும்பு, எந்த உறுப்பு என்று ஸ்கேனும் ஆபரேஷனும் முடிந்த பிறகுதான் 34 என்று சரியாக எழுதவே முடியும். முதல் ஒரு மணி நேரத்தில், நமக்கு உண்மையிலேயே தேவைப்படும் அந்த நேரத்தில், அது கையில் இருக்காது.

போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்திருப்பீர்கள். ஒரு கைப்பிடி காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மொத்த லாட்டுக்கும் விலை சொல்வார்கள். அந்த விலை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அந்தச் சாக்கிலிருந்து ஒரே ஒரு காயை எடுத்துக் காட்டி ‘இது உள்ளே பொக்கா, முத்தா?’ என்று கேட்டால், எந்த வியாபாரியும் உடைத்துப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டார். 34 என்பது லாட்டின் விலை. அந்த லாட்டில் இறந்துபோனவர்களும் உண்டு, டீக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

இதோடு வயது, பிரஷர், மூச்சு, சுயநினைவு எல்லாம் சேர்த்து ‘பிழைக்க இத்தனை சதவீதம்’ என்று சொல்லும் ‘ட்ரிஸ்’ என்ற கணக்கு 1987-ல் வந்தது. அமெரிக்க நோயாளிகளின் பதிவேட்டை வைத்துப் போட்டது. கணக்கில் வயது உண்டு, ஆனால் லோயர்கேம்ப் ஏற்றத்தில் சரக்கு லாரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நின்ற நேரம் கிடையாது. அதை நம்மூருக்கு அப்படியே எடுத்துப் போடுவதில் எனக்கு எப்போதுமே ஒரு தயக்கம் உண்டு.

டாக்டரே, உங்களைத் திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன். என் அக்கா மகன், 24 வயசு. பைக்கில் போய் லாரியில் மோதினான். நடந்துதான் ஆஸ்பத்திரிக்குள் போனான், என்னோடு பேசினான், தண்ணி கேட்டான். சீட்டில் பிரஷர் 118/90, பல்ஸ் 128. ‘பிரஷர் நார்மலா இருக்கு, பயப்படாதீங்க’ என்றார்கள். நாலு மணி நேரத்தில் போய்விட்டான். மண்ணீரல் கிழிந்திருந்ததாம். முன்னாடியே தெரியாதா உங்களுக்கெல்லாம்? – டீக்கடைக்காரர், குமுளி

திட்டுங்கள், அண்ணாச்சி. நான் அங்கே இல்லை, அவர்களிடம் என்ன வசதி இருந்தது என்றும் தெரியாது, அதனால் யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ரெண்டு நம்பரையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

வளர்ந்த மனிதன் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் முக்கால் லிட்டர் போனால் உடம்பு கண்டுகொள்வதே இல்லை. ஒன்றரை லிட்டர் வரை போனாலும் படுத்திருக்கும் ஆளுக்குப் பிரஷர் அநேகமாக இறங்காது, அதிலும் வயசுப் பையன் என்றால் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, 118-ஐ 118-ஆகவே காட்டிக்கொண்டிருப்பான். கை கால் சில்லிட்டுப் போகும், வியர்க்கும், தாகம் எடுக்கும், மனசு ஒரு நிலையில் இருக்காது. அப்புறம் ஒரு கட்டத்தில் பிடி விட்டதும் பிரஷர் படிப்படியாக இறங்காது, சரிந்து விழும். அவன் தண்ணி கேட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது.

நாடித் துடிப்பை மேல் பிரஷரால் வகுத்துப் பாருங்கள். 1967-ல் ரெண்டு ஐரோப்பிய டாக்டர்கள் எழுதிவைத்த கணக்கு, ‘ஷாக் இண்டெக்ஸ்’ என்பார்கள். நல்ல ஆளுக்கு 0.5-லிருந்து 0.7-க்குள் இருக்கும். 0.9-ஐத் தாண்டினால் உஷார், 1-ஐத் தாண்டினால் எங்கேயோ ரத்தம் போகிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். உங்கள் பையனுக்கு 128-ஐ 118-ஆல் வகுத்தால் 1.08. கீழ் பிரஷரையும் பாருங்கள், 90. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி வெறும் 28. ரத்தக் குழாய்கள் இறுகிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு அடையாளம். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு நம்பர் நார்மல், இன்னொன்று ‘பையன் பயந்திருக்கான்’. சேர்த்துப் பார்த்தால்தான் பேசும்.

சங்கடமான இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஜப்பான்காரர்கள் ‘கேப்’ என்று எளிமையான ஒரு கணக்கு கொண்டுவந்தார்கள். சுயநினைவு மார்க் 3 முதல் 15 (முழு நினைவு என்றால் 15), வயது 60-க்குக் கீழே என்றால் 3, மேல் பிரஷர் 120-க்கு மேல் என்றால் 6, 60-லிருந்து 120 வரை என்றால் 4. கூட்டினால் 19-லிருந்து 24 வரை ஆபத்து குறைவு. உங்கள் பையனுக்குப் போட்டுப் பாருங்கள்: 15, 3, 4, மொத்தம் 22. ஆபத்து குறைவு! நல்ல கணக்குதான், ஆனால் அதில் நாடித் துடிப்புக்கு இடமே இல்லை. ஆபத்து குறைந்த கூட்டத்திலும் சாவு உண்டு என்பது அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கே தெரியும். அதனால்தான் பெரிய அடி வாங்கிய ஆளுக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, வயிற்றில் ஒரு சின்ன ஸ்கேன் கருவியை வைத்து ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அரை மணி கழித்து அதையே திரும்பப் பார்ப்பது. முதல் தடவை ஒன்றும் தெரியாமல் ரெண்டாவது தடவை வயிறு நிறைய ரத்தம் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். முதல் தடவையோடு விட்டுவிட்டு, அடுத்த நாள் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு.

வயசானவர்களுக்குக் கதை தலைகீழ். பிரஷருக்காகத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் நாடி 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம். ஷாக் இண்டெக்ஸ் அழகாக இருக்கும், ஆள் போய்க்கொண்டிருப்பார். எப்போதும் 160 பிரஷரோடு இருப்பவருக்கு 118 என்பது நார்மலே இல்லை. அதனால் மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அதில் இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

அண்ணே, நான் மலைக்கு ஆள் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். வண்டி கவிழ்ந்த இடத்துக்கு முதலில் போய் நிற்பது எங்களை மாதிரி ஆட்கள்தான். பத்துப் பேர் கிடக்கும்போது யாரை முதலில் தூக்குவது? எங்களுக்கு எப்படித் தெரியும்? – டிரைவர், கம்பம்

தம்பி, பெரும்பாலான டாக்டர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. கத்துகிறவரை முதலில் தூக்காதே. கத்துகிற ஆளுக்கு மூச்சுக் குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. ஓரமாக ஒருத்தி சேலை நனைந்து சத்தமில்லாமல் படுத்திருப்பாள் பார், அவளிடம் முதலில் போ. எழுந்து நடக்க முடிகிறவர்களை ‘அந்த மரத்தடிக்குப் போங்க’ என்று அனுப்பிவிட்டால் பாதிக் கூட்டம் குறையும். மீதியில், மூச்சு நிமிஷத்துக்கு 30-க்கு மேல் இரைக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப வர ரெண்டு செகண்டுக்கு மேல் ஆகிறதா, ‘கையைப் பிடி’ என்றால் பிடிக்கிறாளா. இந்த மூன்றில் ஒன்று தப்பானாலும் அவர் முதல் வண்டியில் ஏற வேண்டியவர். நகம் பார்ப்பது மட்டும் குளிரிலும் இருட்டிலும் ஏமாற்றும், மெட்டில் ரெண்டும் உண்டு, அந்த நேரத்தில் மணிக்கட்டில் நாடி தட்டுப்படுகிறதா என்று பார்.

கொட்டுகிற ரத்தத்தைத் துண்டை மடித்து வைத்து அழுத்து, எடுத்து எடுத்துப் பார்க்காதே. கழுத்தை மடக்காமல் பலகை மாதிரி நாலு பேர் சேர்ந்து தூக்குங்கள். அப்புறம் ஈரம். இதை நம் பக்கத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. மழையில் நனைந்த தோட்டத்துப் பெண்ணை அந்த ஈரச் சேலையோடேயே ஒரு மணி நேரம் ஜீப்பில் கொண்டுவருவார்கள். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தம் சரியாக உறையாது; உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும்; ரத்தம் போனால் உடம்பெங்கும் ஆக்சிஜன் இல்லாமல் அமிலம் சேரும்; அமிலம் சேர்ந்தால் உறைவது இன்னும் கெடும். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். மூன்றும் சேர்ந்து வந்த ஆளை மேஜையில் படுக்க வைத்தால், முழு ஆபரேஷனையும் செய்து முடிக்க முயலாமல், ரத்தத்தை மட்டும் நிறுத்தி, துணியை அடைத்து, ஐசியுவில் சூடேற்றி, மறுநாளோ அதற்கு மறுநாளோதான் மிச்சத்தைச் செய்வோம். உன் வண்டியில் ரெண்டு கம்பளியும் ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயும் இருந்தால், ஈரத் துணியைக் கழற்றிவிட்டு மானம் போகாமல் போர்த்தலாம்.

போலீஸ், கேஸ் என்று பயப்படாதே. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது.

விபத்து எல்லையில் நடந்தால் கேரளா பக்கம் போவதா, தேனிக்கு இறங்குவதா? பணத்துக்கு என்ன செய்வது? – வாசகர், வண்டிப்பெரியார்

ஸ்கேன், ரத்த வங்கி, ராத்திரியிலும் வயிற்றைத் திறக்க ஒரு சர்ஜன், மயக்க டாக்டர். இந்த நாலும் சேர்ந்து எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே. அது எந்த மாநிலம் என்பது ஒரு கேள்வியே இல்லை. நம் பக்கத்தில் க.விலக்கு மெடிக்கல் காலேஜ், அதையும் தாண்டினால் மதுரை பெரியாஸ்பத்திரி. அந்தப் பக்கம் கோட்டயம், நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையிறக்கம். நடுவில் உள்ள சின்ன ஆஸ்பத்திரியில் நிறுத்துவது வீண் இல்லை. மூச்சுக்குக் குழாய் போட, நெஞ்சில் சேர்ந்த காற்றை எடுக்க, ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போட அங்கேயே முடியும். அந்த ஊசியைப் பற்றி 40 நாடுகளில் 20,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது: போட்டவர்களில் 14.5 சதவீதம் பேர் இறந்தார்கள், போடாதவர்களில் 16 சதவீதம். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனால் மருந்து மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கப்புறம் போட்டால் கெடுதல்கூட உண்டு என்று அதே ஆய்வு காட்டியது.

பணம் பற்றிக் கேட்டதற்கு: தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு வரை, நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் வந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை, ரேஷன் கார்டு எடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதையெல்லாம் இனி கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாமே? – கல்லூரி மாணவர், உத்தமபாளையம்

சொல்லும், சொல்லிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் யாரோ நாடியை எண்ணிப் பார்க்காமல் குத்துமதிப்பாக 88 என்று எழுதியிருந்தால் அதற்கும் 88-தான் தெரியும்.

‘24 மணி நேரம் கழித்துத்தான் எதையும் சொல்ல முடியும்’ என்கிறார்கள். தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தையா இது? – வாசகி, போடி

சில நேரம் ஆமாம். பல நேரம் அதுதான் உண்மை, அம்மா. விபத்தில் சாவு பெரும்பாலும் மூன்று அலையாக வரும் என்று பழைய பாடம்: ரோட்டிலேயே போகிறவர்கள், முதல் சில மணி நேரத்தில் ரத்தப்போக்காலும் மூளை வீக்கத்தாலும் போகிறவர்கள், வாரக்கணக்கில் கிருமித் தொற்றால் போகிறவர்கள். 24 மணி நேரம் என்று சொல்பவர் ரெண்டாவது அலை தாண்டட்டும் என்று நினைக்கிறார். ஆனால் அதற்காக நீங்கள் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ‘பிழைப்பாரா?’ என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். ‘காலையில் இருந்ததுக்கு இப்ப எப்படி?’ என்று கேளுங்கள்.

ரத்தத்தில் லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது சேரும் பொருள்) எவ்வளவு என்று கேட்கலாம். 2-க்குக் கீழே நல்லது, 4-க்கு மேல் மோசம். ஆனால் 6-லிருந்து 3-க்கு இறங்கிக்கொண்டிருக்கும் ஆளை, 3-லிருந்து 4-க்கு ஏறிக்கொண்டிருக்கும் ஆளைவிட நான் நிம்மதியாகப் பார்ப்பேன். ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்றினீர்கள், இன்னும் ஏற்றுகிறீர்களா? மூத்திரம் போகிறதா? கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? 2014-ல் பல காயம்பட்டவர் என்று யாரைச் சொல்வது என உலக டாக்டர்கள் கூடி முடிவு செய்தபோது, ரெண்டு பகுதியில் பெரிய காயம் என்பதோடு நிறுத்தாமல் இன்னும் ஐந்தைச் சேர்த்து அதில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார்கள்: மேல் பிரஷர் 90 அல்லது அதற்குக் கீழே, சுயநினைவு மார்க் 8 அல்லது அதற்குக் கீழே, ரத்தத்தில் அமிலம் கூடியிருப்பது, ரத்தம் உறையாமல் இருப்பது, வயது 70 அல்லது அதற்கு மேல். வயதை யாரும் மாற்ற முடியாது. மற்ற நாலில் எது இருக்கிறது, அது சரியாகி வருகிறதா என்று டியூட்டி டாக்டரிடம் மெதுவாகக் கேளுங்கள். காலையில் ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரே ஒரு ஆள் போய்க் கேட்டால் சொல்வார். பதினைந்து பேர் சுற்றி நின்று கேட்டால் ‘24 மணி நேரம்’ என்றுதான் சொல்வார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அடிபட்டு மயங்கிக் கிடப்பவருக்கு சோடா கொடுத்தால் தெளிவு வரும் என்கிறார்களே? – வாசகர், சின்னமனூர்

கொடுக்காதீர்கள். சோடா, டீ, இளநீர், ஐயப்பன் கோவில் சீசனில் வேன் கவிழ்ந்தால் வாயில் ஊற்றும் அந்தச் சுக்குக் காப்பி, எதுவும் வேண்டாம். மயங்கினவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். நினைவோடு இருப்பவரையும் ஒரு மணி நேரத்தில் ஆபரேஷனுக்கு எடுக்க வேண்டி வரலாம், வயிறு நிறைய சோடாவோடு வந்தவருக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தாகம் என்று ரொம்பக் கேட்டால் உதட்டை ஈரத் துணியால் ஒற்றிவிடுங்கள், அப்படியே மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுங்கள்.